தவக்காலத்துக் கல்பி

ரோஸி தவக்காலத்தில் கறி தின்பதில்லை. சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தால், ஈஸ்டர் பூசை முடியும்வரை ஆடு, மாடு, கோழி, மீன், முட்டை எதுவும் அவள் வாயில் படாது. பென்னலூரில் அவள் தெருவிலுள்ள கத்தோலிக்க வீடுகளில் பலர் வெள்ளிக்கிழமைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவள் கணவன் ரிச்சர்ட் அந்த அளவுக்கும் போவதில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் மட்டும் இதைக் கடைப்பிடித்து வருகிறாள். பக்தியா பழக்கமா என்று அவளைக் கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் அவளுக்கு வந்ததில்லை.

அந்த நாட்களிலும் வீட்டில் ரிச்சர்டுக்குக் கறி சமைத்துப் போடுவாள். ஒரு சொட்டு நாக்கில் வைக்காமல் குழம்பை இறக்குவாள். உப்பு சரியாக இருக்கும். கோயில் மடப்பள்ளிகளிலும் ருசி பார்க்காமல்தான் சமைக்கிறார்கள். நேற்றுச் செய்ததையே இன்றும் செய்கிற கைக்கு நாக்கின் துணை அதிகம் வேண்டியதில்லை. புதிதாக ஒன்றைச் செய்ய இறங்கும்போதுதான் வேண்டும். இந்த வருஷத் தவக்காலத்தில் ரோஸி அப்படி ஒன்றில் இறங்கினாள்.

இருங்காட்டுக்கோட்டையில் கொரியப் பொறியாளர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அவள் பல வருஷம் சமையலறை உதவியாளாக இருந்தவள். தலைமைச் சமையல்காரர் மணிப்பூர்க்காரர். பூண்டு உரிப்பது, வெங்காயத்தாள் நறுக்குவது, பேரிக்காய் துருவுவது, கறியை ஊற வைப்பது ரோஸியின் வேலைகள். அங்கே சனிக்கிழமைதோறும் கல்பி உண்டு. கல்பி என்றால் கொரிய மொழியில் விலா எலும்பு. மாட்டின் விலாக் கறியை எலும்போடு சோயா சாறு, சர்க்கரை, பூண்டு, துருவிய பேரிக்காய், வறுத்த எள்ளின் எண்ணெய் ஆகியவை சேர்ந்த கலவையில் ஊறவைத்து, கனலில் வாட்டி, சூடாக இருக்கும்போதே கீரை இலையில் சுருட்டித் தின்பார்கள். கலவையைக் கரண்டிக் கணக்கில் ரோஸி கலப்பாள். சரியா என்று சமையல்காரர் விரலில் தொட்டுப் பார்த்துத் தலையசைப்பார். ருசி பார்ப்பது அங்கே அவள் வேலை இல்லை. வேலையாட்களுக்குத் தனியாகச் சாம்பார் சாதம் இருந்தது. எப்போதாவது மீந்த துண்டை ஆறிப்போன பிறகு வாயில் போட்டுக்கொண்டதுண்டு. அதைச் சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது.

சென்ற வருஷம் விடுதியின் சமையலறையை ஒரு கேட்டரிங் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அவர்கள் தங்கள் ஆட்களோடு வந்தார்கள். ரோஸி ஒரகடத்தில் பேக்கிங் வேலைக்குப் போனாள். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. கணுக்கால் வீங்கி, சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டாள். "திரும்ப வர்றியாம்மா, இல்ல வேற ஆளைப் போட்டுரட்டுமா?" என்று அந்த வேலைக்கு ஆள் சேர்க்கும் காண்ட்ராக்டர் அவ்வப்போது போன் செய்துகொண்டிருந்தார். அவளும் பிடிகொடுக்காமல் பேசி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் யூன் மேடத்தின் போன் வந்தது. அவர் கணவர் குடும்பத்தை அழைத்து வருமுன் அந்த விடுதியில் தங்கியிருந்தவர். அந்த வகையில் மேடத்துக்கு ரோஸியைத் தெரியும். அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் பல கொரியக் குடும்பங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாடு மேடத்தின் பொறுப்பு.

காய்கறிக்காரர்களிடமும் டிரைவர்களிடமும் கற்றுக்கொண்ட தமிழில் மேடம் கேட்டார்: "ரோஸி, கல்பி வீட்ல செய்ய தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"ஒவ்வொரு சண்டேயும் வேணும். முதல்ல சனிக்கிழமை கொஞ்சம் கொண்டு வா. நான் பார்த்து சொல்றேன்."

தெரியும் என்று ரோஸி சொன்னது பொய்யில்லை. செய்யத் தெரியும். செய்தது எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இந்த ஆர்டர் கிடைத்தால் மறுபடி பேக்கிங் லைனில் நிற்க வேண்டாம், தன் வீட்டு அடுப்பிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது.

சுங்குவார்சத்திரத்தில் வழக்கமாகக் கறி வாங்கும் கடைக்குப் போனாள்.

"விலா எலும்பு வேணும் பாய். நீளமா, வெட்டாம."

"வெட்டாம எடுத்துனு போயி இன்னாமா பண்ணப் போற? வீணை வாசிக்கப் போறியா?"

"சுடப் போறேன்."

"எலும்பையா?"

"கறியோட எலும்பை. விரல் நீளத்துக்குத் துண்டு போட்டுக் குடுங்க. குழம்புக்குப் போடற மாதிரி நொறுக்கிடாதீங்க."

கடைக்காரர் கட்டையில் வைத்து, எலும்பு சில்லாகத் தெறிக்காதபடி ஒரே வெட்டில் துண்டுபோட முயன்றார். பாதி சரியாக வந்தது. மீதியைக் குழம்புக்கென்று தனியாகக் கட்டிக் கொடுத்தார். விடுதிக்குக் கறி மெல்லிய பட்டைகளாக மெஷினில் அறுபட்டு வரும். இங்கே அந்த வசதி கிடையாது. ஆனால் மெஷின் கெட்டிருந்த வாரங்களில் மணிப்பூர்க்காரர் கத்தியால் செய்ததை ரோஸி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எலும்பில் ஒட்டியிருக்கும் கறியை அறுத்து எடுத்துவிடாமல், சுருட்டிய பாயை விரிப்பதுபோல மெல்ல மெல்லச் சீவி நீட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் எலும்பு ஒரு முனையில் பிடியாக நிற்கும். முதல் இரண்டு துண்டுகள் கிழிந்தன. அப்புறம் கை பழகிவிட்டது.

அந்தக் கைதான் அடுத்த தவற்றையும் செய்தது. கறியைக் கழுவும்போது, என்ன செய்கிறோம் என்று நினைக்குமுன் அது மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்து ஒரு பிடி போட்டுப் பிசைந்துவிட்டது. மாம்பழத் தோல்போலக் கறி நிறம் மாறி நின்றது. கொரியர்கள் கறியைக் குளிர்ந்த நீரில் வெறுமனே ஊறப்போட்டு இரத்தத்தை இறக்குவார்கள், மஞ்சள் சேர்ப்பதில்லை. ரோஸி தண்ணீரை மாற்றி மாற்றி அலசினாள். நிறம் கொஞ்சம் இறங்கியது, போகவில்லை.

"மஞ்சா போடாம கறி கழுவுனா பச்சை வாடை அடிக்காது?" என்றான் ரிச்சர்ட். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு ஷிஃப்ட் இல்லை.

"அவங்களுக்கு அது வாடை இல்ல."

"வாடை எல்லாருக்கும் வாடைதாண்டி."

சோயா சாறும் எள் எண்ணெயும் நெடுஞ்சாலையோரத்துக் கொரிய மளிகைக் கடையில் வாங்கினாள். நம் செக்கு நல்லெண்ணெய் அதற்கு உதவாது; அது பச்சை எள்ளின் எண்ணெய், மணம் வேறு. கரி, தெருமுனை இஸ்திரிக் கடையில் கிடைத்தது. மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி, சப்பாத்தி சுடும் கம்பித் தட்டை அதன்மேல் வைத்தாள். ஊறிய கறியை விரித்துப் போட்டதும் சர்க்கரை உருகிக் கருகும் மணமும் பூண்டு மணமும் கொழுப்புப் புகையும் சேர்ந்து எழும்பின. ரோஸி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முகர்வது தின்பதாகாது என்று அவள் ஏற்கெனவே தனக்குள் தீர்த்துவைத்திருந்தாள்.

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த சத்யப்பிரியா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப்பார்த்தாள்.

"இன்னாக்கா, கபாப் கடை போடறீங்களா? தெருவே மணக்குது."

"கொரியாக்காரங்களுதுடி. வாசனை எப்டி கீது, சொல்லு."

"நல்லாதான்கா கீது. ஆனா இன்னா கறி அது?"

"மாடு."

"ஐயையோ. நான் மோந்தேன்னு எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், என்னைத் தலைமுழுக வச்சுட்டுதான் உள்ள வுடுவாங்க." சொல்லிவிட்டு இன்னொரு முறை மூச்சை இழுத்துக்கொண்டு போனாள்.

ஆக, ருசி பார்க்க மிஞ்சியது ரிச்சர்ட்தான். அவன் ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதித் தின்றான். புருவத்தைச் சுருக்கினான்.

"இன்னாடி இது, பாயசத்துல முக்கி எடுத்த மாதிரி கீது?"

"அப்டிதான்யா இருக்கும். நல்லா சொல்லு. விடுதில வச்ச அளவுதான் வச்சேன்."

"விடுதில நீ தின்னு பாத்தியா?"

ரோஸி தட்டிலிருந்த அடுத்த துண்டைத் திருப்பிப் போட்டாள்.

"கறின்னா ஒறப்பு வேணும், உப்பு வேணும். மனுசன் தின்றதுதானே? கொரியாக்காரனுக்கு மட்டும் நாக்கு இன்னா முதுகுலயா கீது? சக்கரையைக் கொறைச்சுட்டு நாலு மிளகைத் தட்டிப் போடு. அப்புறம் பாரு."

ரோஸி தயங்கினாள். விடுதியில் மிளகு எவ்வளவு போனது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். சிட்டிகை அளவுகூட இல்லை. ஆனால் சோயா சாறு வேறு கம்பெனி, கறி வேறு, அடுப்பு வேறு. பழைய கரண்டிக் கணக்கு இங்கே செல்லும் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதிரில் ஒரு நாக்கு இருந்தது. அது ஒரு முடிவைத் திடமாகச் சொன்னது. தன்னிடம் அளவுகோல் இல்லாதவர்கள் கையில் கிடைத்ததை அளவுகோலாக்கிக்கொள்வது வழக்கம்தான். இரண்டாவது முறை சர்க்கரையைப் பாதியாக்கி மிளகு தட்டிப் போட்டாள். ரிச்சர்ட் நான்கைந்து துண்டுகளைத் தின்றுவிட்டு, "இப்பதான் கறி மாதிரி கீது" என்றான். சனிக்கிழமை அதே கலவையில் ஊறிய கறியை வாட்டாமல் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

யூன் மேடத்தின் வீட்டில் சாப்பாட்டு மேசைமேலேயே சிறிய கேஸ் அடுப்பும் இரும்புத் தட்டும் தயாராக இருந்தன. பக்கத்தில் ஒரு தட்டில் கழுவிய இலைகள், நறுக்கிய பூண்டு, ஒரு கிண்ணம் சாதம், புளிக்கவைத்த சோயா விழுது. மேடம் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை இடுக்கியால் தூக்கி விரித்துப் பார்த்தார்.

"கையால வெட்டினதா?"

"ஆமா மேடம்."

"நல்லா வெட்டியிருக்கே. கொஞ்சம் மஞ்சள் ஏன்?"

"பழக்கம் மேடம். இனிமே வராது."

மேடம் வாட்டி, கத்தரிக்கோலால் துண்டுபோட்டு, ஒன்றை எடுத்து மென்றார். அவசரப்படாமல் மென்றார். ரோஸி அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிளகு."

"கொஞ்சமாதான் மேடம்."

"சர்க்கரை எங்கே?"

"கொறைச்சேன்."

"கறி நல்லா இருக்கு. வெட்டினது நல்லா இருக்கு. ஆனா இது கல்பி இல்லை. யார் டேஸ்ட் பார்த்தது?"

"எங்க வூட்டுக்காரர்."

மேடம் சிரித்துவிட்டார். "உன் புருஷன் கொரியாவா?"

ரோஸியும் சிரித்தாள். மேடம் சிரித்ததில் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

"நீ பார்க்கலையா? இரு." மேடம் குளிர்பெட்டியிலிருந்து தன் வீட்டுக்கென்று ஊறவைத்திருந்த கறியை எடுத்து ஒரு துண்டு வாட்டினார். உள்ளங்கையில் ஓர் இலையை விரித்து, கொஞ்சம் சாதம், விழுது, ஒரு பூண்டுத் துண்டு, அதன்மேல் கறி என்று வைத்துச் சிறு பொட்டலமாகச் சுருட்டினார். சாறு சொட்டாதபடி மறு கையைக் கீழே பிடித்துக்கொண்டு ரோஸியின் வாய்க்கு நேராக நீட்டினார். "ஆ..."

அவர்கள் ஊரில் ஒருவருக்கு இப்படிச் சுருட்டித் தன் கையால் ஊட்டுவது அன்பின் அடையாளம். பொட்டலம் முழுதையும் ஒரே வாயாக வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாமென்றால் கொடுத்தவர் முகம் வாடும். விடுதியில் பொறியாளர்கள் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்வதை ரோஸி பலமுறை பார்த்திருக்கிறாள். இது வெறும் உபசாரம் இல்லை என்பதும் புரிந்தது. இதைத் தின்றால் தெரிந்துகொள்வாள். தெரிந்துகொண்டால் வேலை அவளுடையது.

"மேடம், எனக்கு இது நாப்பது நாள். ஈஸ்டர் வரைக்கும் கறி சாப்பிட மாட்டேன்."

"நானும் கிறிஸ்டியன். எங்க சர்ச்ல அப்படி இல்லை." கை இறங்கவில்லை. "ஒரு வாய். கடவுள் கேட்க மாட்டார்."

"தெரியும் மேடம். அவரு கேக்கல. நான்தான் சாப்பிட மாட்டேன்னு அவருகிட்ட சொன்னேன்."

கறியின் சாறு மேடத்தின் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விழுந்தது. அவர் ரோஸியின் முகத்தைப் பார்த்தார், பிறகு பொட்டலத்தைப் பார்த்தார், பிறகு அதைத் தானே வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கிவிட்டு உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

"டேஸ்ட் பார்க்காத ஆளுக்கு நான் எப்படி ஆர்டர் கொடுக்கறது, ரோஸி?"

"நீங்க இன்னா கொறைன்னு சொல்லுங்க மேடம், நான் மாத்திக்கறேன்."

"ஒவ்வொரு சண்டேயும் நான் உன் நாக்கா?"

அது நியாயமான கேள்வி. ரோஸிக்கும் அப்படித்தான் பட்டது. அதனால் அவள் மேற்கொண்டு கெஞ்சவில்லை. விடுதியை எடுத்த அதே கேட்டரிங் நிறுவனத்திடம் ஈஸ்டர்வரை வாங்கிக்கொள்ளப்போவதாக மேடம் சொன்னார். "ஈஸ்டர் முடிஞ்சு வா. அதுக்குள்ள அவங்க நல்லா செஞ்சா, அவங்களுக்குத்தான். சரியா?" வாசல்வரை வந்து டப்பாவைக் கழுவிக் கொடுத்தார்.

வீட்டில் ரிச்சர்டுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு வாய் தின்னுட்டு ஃபாதர் கையில பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கிருக்கலாம்ல? அவரு இன்னா கொன்னா போட்ருவாரு?"

"நீ மிளகு போடச் சொன்னியே, அதுக்கு யாரு கையில போயி பாவசங்கீர்த்தனம் பண்றது?"

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "மிளகு நல்லாதாண்டி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான்.

அவள் செய்தது சரியா என்பதில் தெருவில் இரண்டு கருத்து இருந்தது. பிழைப்புக்கு முன்னால் இதெல்லாம் எதற்கு என்றார்கள் சிலர். சபாஷ் என்றார்கள் சிலர். இரண்டுமே அவளுக்கு உதவவில்லை. ஒரு பேச்சைக் காப்பாற்றியதால் அவள் உயர்ந்துவிட்டதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. காண்ட்ராக்டர் மறுபடி போன் செய்தபோது ஈஸ்டர் கழித்துச் சொல்வதாகச் சொன்னாள். "ஈஸ்டர்னா எப்போம்மா? நம்ம லைன் அதுக்கெல்லாம் நிக்காது" என்று அவர் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பக்கமும் கதவு சாத்தியாயிற்று.

மிச்ச வாரங்களில் கறி சேர்க்காத கலவையை மட்டும் செய்து பார்த்தாள். அதில் இருப்பவை சாறும் பழமும் பூண்டும்தானே. விரலில் தொட்டு நக்கினாள், சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்றாள். சர்க்கரையைக் கூட்டினாள், குறைத்தாள். மிளகு சேர்த்ததும் எள் எண்ணெயின் மணம் மங்கிப்போவது இரண்டாம் நாளே பிடிபட்டது. ஆனால் கனலில் பட்ட பிறகு கொழுப்போடு கலந்து இது என்னவாக மாறுகிறது என்பது கலவையைத் தின்று தெரிவதில்லை. எங்கே தெரியாமல் நிற்கிறோம் என்பது தெரிந்தது. அந்த வாரங்களில் கிடைத்தது அவ்வளவே.

ஈஸ்டர் மறுநாள் திங்கட்கிழமை, மஞ்சள் படாத கறியைக் கையால் விரித்து, மிளகில்லாத கலவையில் ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு யூன் மேடம் வீட்டுக்குப் போனாள். கேட்டரிங்காரர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. மேடமே சொன்னார்: "அவங்க கல்பி பரவாயில்லை. கறி மட்டும் ரப்பர். குழந்தைங்க துப்பிடுச்சு."

மேடம் ரோஸியின் டப்பாவைத் திறக்கவில்லை. தான் ஊறவைத்த கறியைத்தான் முதலில் வாட்டினார். இலையில் சுருட்டி, அன்றைக்குப்போலவே நீட்டினார். ரோஸி வாயைப் பெரிதாகத் திறந்தாள். பொட்டலம் கன்னம் இரண்டையும் புடைக்கவைத்தது. மெல்ல வழியில்லாமல் கொஞ்ச நேரம் திணறினாள். மேடம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு ஓரிடத்தில் பிடி கிடைத்து ரோஸி மெல்லத் தொடங்கினாள். இலையின் பச்சைச் சாறு, பூண்டின் காரம், விழுதின் உப்பு, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கறி. தனியாகத் தின்றால் திகட்டும் இனிப்பு, உப்பும் காரமும் சூழ வேறு மாதிரி நின்றது. ரிச்சர்ட் வெறும் கறியைத்தான் தின்று பார்த்தான், இலையும் விழுதும் இல்லாமல், என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எப்படி?"

ரோஸி முழுக்க விழுங்கிவிட்டுத்தான் பேசினாள். "பொய் சொல்லக் கூடாது மேடம். எனக்குப் பிடிக்கல. இனிப்பு. ஆனா இன்னான்னு தெரிஞ்சிடுச்சு."

"பிடிக்கலையா?" மேடம் இடுக்கியைக் கீழே வைத்தார். "பிடிக்காததை எப்படி ஒழுங்கா செய்வே?"

"எங்க வூட்டுக்காரருக்குக் கருவாட்டுக் குழம்புன்னா உயிரு மேடம். எனக்கு ஆவாது. ஆனா நான் வச்சா தட்டையே வழிச்சு நக்குவாரு." சொல்லிக்கொண்டே உள்ளங்கையைத் தட்டாக்கி நக்கிக் காட்டினாள்.

கருவாடு மேடத்துக்குப் புரிந்ததோ இல்லையோ, கை புரிந்தது. அவர் ரோஸியின் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை இரும்புத் தட்டில் போட்டார். வாட்டி, துண்டுபோட்டு, ஒன்றைத் தானும் எடுத்துக்கொண்டு ஒன்றை ரோஸியிடம் கொடுத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மென்றார்கள்.

"கொஞ்சம் இன்னும் சர்க்கரை," என்றார் மேடம்.

"ஆமா மேடம், கம்மிதான்," என்றாள் ரோஸி.

கேட்டரிங் நிறுவனத்தை உடனே நிறுத்த முடியாது, பேசிவிட்டோம் என்றார் மேடம். ஒரு ஞாயிறு அவர்கள், ஒரு ஞாயிறு ரோஸி. அவளுடைய முதல் முறை வருகிற ஞாயிற்றுக்கிழமையே. ரோஸி எதிர்பார்த்ததில் பாதிதான் அது. அவள் அதைப் பற்றிப் பேரம் பேசவில்லை. இன்னும் எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்டுக்கொண்டு, மீதிக் கறியை மேடம் எடுத்துக்கொண்டு கொடுத்த காலி டப்பாவைப் பையில் வைத்தாள்.